மடையில்லாத கண்மாய்

பங்குனி பிறந்ததும் எங்கள் அருப்புக்கோட்டையில் மண் வெந்துபோகும். திருச்சுழிக் குண்டாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் காண்பதற்கில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததோ இல்லையோ, வசதியுள்ள வீடுகளில் “இவ்வருஷம் கொடைக்கானல்தானே?” என்ற பேச்சுக் கிளம்பிவிடும். தாராளமாகப் போய் வரட்டும். அவ்வூரின் பூர்வ கதையைச் சிறிது தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது.

உல்லாசத்துக்காகப் பிறந்த ஊரன்று அது. மரண பயத்தில் பிறந்தது. 1834-இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்கன் மிஷன் பாதிரிமாரும் அவர்கள் குழந்தைகளும் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாகி வந்தனர். முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள்; காய்ச்சல் அங்கும் விடவில்லை. வார்டு என்ற ராணுவ அதிகாரி 1821-இல் அளந்து சென்ற பழனி மலைத்தொடரில், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், 1845-இல் அவர்களுடைய முதல் இரண்டு பங்களாக்கள் எழும்பின. திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலையிலும் பின்னர் அந்த மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது. ஆகவே அம்மலையூரின் வளர்ச்சியில் நம் சீமை வெயிலுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு!

பாதிரிமார் மலையேறினார்கள் என்று எழுதிவிடுகிறோம். அவர்களை ஏற்றியவர்கள் யார்? பெரியகுளத்தருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரையில் மாட்டுவண்டி. அதற்குமேல் டோலியும் மட்டக்குதிரையுமே. நோயாளிகளையும் சீமாட்டிகளையும் பெட்டி படுக்கைகளையும் தோளில் தாங்கிச் செங்குத்தான பாதையில் ஏறியவர்கள் நம் நாட்டுக் கூலியாட்கள். 1916 வாக்கில் மோட்டார் செல்லும் மலைச்சாலை முடிந்தது. அதைப் போட்ட லா துரையின் பெயர் அதற்கு நிலைத்தது. சுமந்தவர்களின் பெயரை நான் பார்த்த பலகை எதிலும் காணவில்லை.

இனி அந்தப் பிரசித்தி பெற்ற ஏரி. கலெக்டர் லெவிஞ்சு துரை, 1863-இல், சதுப்பு நிலத்து ஓடைகளை மறித்துத் தம் சொந்தப் பணத்தில் கரைகட்டி உண்டாக்கியது. பரப்பு சுமார் 60 ஏக்கர். நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் வியப்பார்கள். எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு முதலில் படுவது வேறு. கரை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மடை எங்கே? ஆயக்கட்டு எங்கே? கண்மாய் என்றால் அதன்கீழ் நான்கு வயலாவது விளைய வேண்டாமா? படகு விடுவதற்கென்றே தண்ணீரைத் தேக்கலாம் என்பது எங்களுக்கு எட்டாத சௌபாக்கியம். உபரி நீர் வழிந்து வெள்ளியருவியாக விழுகிறதே, அதில் ஒரு சொட்டும் குண்டாற்றுக்கு வருவதில்லை. பொறாமை என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்று பிழைப்பதற்காக மலையேறினார்கள். இன்று ஏறுகிற கூட்டத்திலிருந்து மலையைப் பிழைக்க வைப்பது எப்படி என்று சென்னை உயர்நீதிமன்றமே யோசிக்க வேண்டியதாயிற்று. எத்தனை வண்டி ஏறுகிறதென்று கணக்கெடுக்க, அதன் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது.

பெரியகுளம் மார்க்கமாகப் போகிறவர்கள் கும்பக்கரைப் பக்கம் வண்டியைச் சற்று நிறுத்தி, மலைச்சரிவை நிமிர்ந்து பாருங்கள். டோலிகள் ஏறியது அந்தப் பக்கமாகத்தான்.