ஒற்றைக் குரலின் எடை

லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மாநிலங்களவையில் இடமும் கிடையாது. தில்லியில் அத்தீவுகளுக்காகப் பேச இருப்பவர் ஒரேயொரு மக்களவை உறுப்பினர்தான். சுமார் 58 ஆயிரம் வாக்காளர்களை மட்டுமே கொண்ட, நாட்டின் மிகச் சிறிய அந்தத் தொகுதியில் நடைபெறும் பொதுத் தேர்தலுக்குத் தனி முக்கியத்துவம் இருப்பது இதனால்தான்.

1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துடன் இருந்த தீவுகள் இவை. யூனியன் பிரதேசமான பின்னரும், 1967 வரை குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டவரே இவற்றின் பிரதிநிதி. 1967-ல் முதன்முறையாக வாக்களித்த மக்கள், பி.எம். சயீதைத் தேர்ந்தெடுத்தனர். தொடர்ந்து பத்து முறை வென்று, மக்களவைத் துணைத் தலைவராகவும் உயர்ந்த அவரை, 2004-ல் வெறும் 71 வாக்குகளில் தோற்கடித்ததும் அதே மக்கள்தான். 2019-ல் முகமது ஃபைசல் 823 வாக்குகளிலும், 2024-ல் சயீதின் மகன் ஹம்துல்லா சயீத் 2,647 வாக்குகளிலும் வென்றனர். வாக்கின் மதிப்பை அறிந்த மக்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்த வாக்கினால் ஆட்சியைத் தீர்மானிக்க முடிகிறதா? அரசியல் சட்டத்தின் 239-வது பிரிவின்படி ஆட்சி, மத்திய அரசு அனுப்பும் நிர்வாகியின் கையில் இருக்கிறது. 240-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறைகள், அங்கு நடைமுறையிலுள்ள நாடாளுமன்றச் சட்டத்தையே திருத்தவும் நீக்கவும் வல்லவை. 2021-ல் நில மேம்பாடு முதல் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடும் தகுதி வரை வாழ்க்கையையே மாற்றக்கூடிய வரைவுகள் வெளியானபோது, தீவு மக்கள் வீதிக்கு வர நேர்ந்தது. அவற்றை விவாதிக்க அவர்களுக்கென ஓர் அவை இல்லாததே காரணம். அவர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது அண்டை மாநிலமான கேரளத்தின் சட்டப்பேரவை.

இருக்கும் ஒற்றைக் குரலும் அடைபட்டது உண்டு. கொலை முயற்சி வழக்கில் தண்டனை பெற்ற ஃபைசல், 2023 ஜனவரியில் பதவியிழந்தார். தண்டனை பெற்றவர் பதவியிழப்பது சட்டப்படி சரியே. ஆனால், அதே மாதம் 25-ஆம் தேதி தண்டனைத் தீர்ப்பைக் கேரள உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகும், பதவி திரும்பக் கிடைத்தது மார்ச் 29-ல்தான். பதவியைப் பறிப்பதில் இருந்த வேகம், அதைத் திருப்பித் தருவதில் இல்லை. இடையில் பட்ஜெட் கூட்டத்தொடரின் பெரும்பகுதி, லட்சத்தீவின் பிரதிநிதி இல்லாமலேயே கடந்துபோனது. வேறொரு தொகுதி காலியானால் அம்மாநிலத்தின் பிற உறுப்பினர்கள் பேசுவார்கள். லட்சத்தீவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் மட்டுமே வாழும் பிரதேசத்துக்குத் தனிச் சட்டப்பேரவை தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பேரவை இல்லை என்பதற்காகக் கலந்தாலோசனையும் இல்லாமல் போகலாமா? 240-வது பிரிவின் கீழ் வரும் எந்த வரைவையும் தீவு மக்களின் மொழியில் வெளியிட்டு, போதிய அவகாசம் தந்து, மக்களவை உறுப்பினரிடமும் ஊராட்சிகளிடமும் கருத்துக் கேட்பதைச் சட்டப்பூர்வக் கட்டாயமாக்க வேண்டும். சட்டப்பேரவை இல்லாத அந்தமானில் வாழும் தமிழர்களுக்கும் இது பயன்படும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குப் பெட்டியை மட்டும் கப்பலில் அனுப்பினால் போதாது. முடிவெடுப்பதில் உரிய பங்கும் கடல் கடந்து அத்தீவுகளைச் சென்றடைய வேண்டும்.