ஒரு பல்லுக்கு மயக்க மருந்தா என்று சிரிக்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறோம். அந்தக் கோபம் முதலில் எங்கள் மீதுதான்.

அச்சுவேலிப் பக்கம் படிப்பிக்கிறோம். உயர்தர வகுப்பில் ஒரு பெடியன். ஒரு தவணை முழுக்கக் கன்னத்தில் கை வைத்தபடி இருந்தான். கேட்டால் "பல்லுக்கொதி சேர்" என்பான். "பல்லுக்கொதிக்கெல்லாம் லீவு கேக்கிறதோ? சோதனை வருது, படியடா" என்றோம். வீட்டில் கராம்பு வைத்தார்கள், பனடோல் கொடுத்தார்கள். பார்மசியில் கன்னத்தைக் காட்டி நாலு அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கினார்கள். கொதி அடங்கியது, திரும்ப வந்தது. மூன்றாம் முறை வந்தபோது வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தாடைக்குக் கீழே கழுத்து வரை வீக்கம். எச்சிலை விழுங்க முடியவில்லை. இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினான்.

பிறகு போய்ப் பார்த்தபோது கேட்டோம், ஏன் தம்பி முதலே பல் வைத்தியரிட்டப் போகேல்லை?

"போனனான் சேர். கடைசிக் கொடுப்புப் பல்லு சரிஞ்சு எலும்புக்குள்ள கிடக்குது, முரசை வெட்டித்தான் எடுக்கவேணும் எண்டவர். பயத்தில வந்திட்டன். மயக்கிப்போட்டு எடுக்கேலாதோ எண்டு வீட்டில கேட்டன். எல்லாரும் சிரிச்சவை. ஆம்பிளைப் பிள்ளை, ஒரு பல்லுக்கு மயங்கப் போறியோ எண்டவை. பிறகு நான் கேக்கேல்லை."

சிரித்தவர்கள் வீட்டுக்காரர் மட்டுமல்ல. எங்கள் ஆசிரியர் அறையிலும் சிரித்தோம். அரை மயக்கம் கேட்க வெட்கப்பட்ட பிள்ளைக்கு, கடைசியில் கழுத்தில் கட்டியிருந்த சீழை எடுக்க முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தது. எங்கள் பகிடியின் விலை அது.

அதனால் இன்றைக்குச் சிரிக்கிறவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்லும் முதல் கதை: "எங்கட காலத்தில ஊசியே இல்லாமல் புடுங்கினனாங்கள்." நூல் கட்டி இழுத்தது பாற்பல்லை. நாங்கள் பேசுவது ஞானப்பல் என்று சொல்லும் மூன்றாம் கொடுப்புப் பல்லைப் பற்றி. 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், அதாவது உயர்தரமும் பல்கலைக்கழகமும் ஓடுகிற வயதில், அது வெளியே வரப் பார்க்கிறது. தாடையில் இடம் இல்லாவிட்டால் சரிந்து, பக்கத்துப் பல்லில் முட்டி, பாதி முரசுக்குள்ளும் பாதி எலும்புக்குள்ளும் மாட்டிக்கொள்கிறது. பாதி மூடிய முரசுக்குக் கீழே சாப்பாடு அடையும், கிருமி சேரும், வீங்கும். அதை எடுக்க முரசை வெட்டி, தேவைப்பட்டால் எலும்பைக் குடைந்து, பல்லைத் துண்டாக்கி, பிறகு தையல் போடுவார்கள். அது ஒரு சத்திரசிகிச்சை. அதற்குப் பயப்படுவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

இரண்டாவது கதை: "அங்க இன்னாருக்கு விறைப்பூசி போட்டும் உயிர் போற நோ." இது பல வேளை உண்மை. ஆனால் ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வீங்கிச் சீழ் பிடித்த இடத்தில் உடம்பின் அமிலத்தன்மை கூடுகிறது. விறைப்பூசி அங்கே சரியாக வேலை செய்யாது. நல்ல நிலையில் போயிருந்தால் அதே ஊசி நன்றாகப் பிடித்திருக்கும். ஆக, பயத்தில் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்டதால் ஊசி பிடிக்கவில்லை. ஊசி பிடிக்காததால் நொந்த கதை ஊரெல்லாம் பரவுகிறது. அந்தக் கதையைக் கேட்டு அடுத்த பிள்ளை பயப்படுகிறது. இந்தச் சுற்றுக்குள்தான் எங்கள் சிரிப்பும் சேர்ந்து சுற்றுகிறது.

மூன்றாவது கதைதான் பெரிய பகிடி: "மயக்க மருந்து பெரிய ஒப்பரேஷனுக்கு, பல்லுக்கு இல்லை." வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. மயக்க மருந்தின் கதையே ஒரு பல்லில் இருந்துதான் சூடு பிடித்தது. 1844 டிசம்பர் 11, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம். ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் நைட்ரஸ் ஒட்சைட் வாயுவைத் தானே சுவாசித்து, சக வைத்தியரைக்கொண்டு தன் கொடுப்புப் பல்லையே பிடுங்குவித்தார். அடுத்த வருடம் பொஸ்டனில் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டார், கூடியிருந்தவர்கள் வெல்ஸைப் பார்த்துச் சிரித்து அனுப்பினார்கள். சிரிப்பு அன்றைக்கும் இருந்திருக்கிறது. ஆனால் 1846 ஒக்டோபர் 16 அன்று அதே நகரத்தில் ஈதர் கொடுத்து மயக்கிக் காட்டியவர் வில்லியம் மோர்ட்டன். அவரும் பல் வைத்தியர்தான். இன்றைக்கு இருதய ஒப்பரேஷனுக்குக் கொடுக்கிற மயக்கத்துக்கும் பாதை போட்டவர்கள் பல்லுப் பிடுங்கினவர்கள்.

சரி, எல்லோரும் மயக்கம் கேளுங்கள் என்றா சொல்கிறோம்? இல்லை. பெரும்பாலானவர்களுக்கு விறைப்பூசி மட்டும் போதும். எங்களில் ஒருவர் அப்படித்தான் எடுத்தார், தையல் வெட்டுகிற நாளில் பாடம் நடத்தினார். ஆனால் வாயில் ஏதும் பட்டாலே ஓங்காளம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு பல்லையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து முகத்துக்கு மேல் வெளிச்சம் அடித்தாலே உடம்பு நடுங்குகிறவர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். ஏன் நடுங்குகிறாய் என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை.

அவர்களுக்காக நடுவில் ஒரு வழி உண்டு, அதுதான் செடேஷன் என்கிற அரை மயக்கம். மிடசோலம் போன்ற மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள், அல்லது வாயுவைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். ஆள் முழுதாகத் தூங்குவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கும், மூச்சு தானாகவே ஓடும், பதற்றம்தான் அடங்கும். மிடசோலம் என்றால் நடந்தது பலருக்குப் பிறகு நினைவிலும் இருப்பதில்லை. நோ தெரியாமல் இருக்க விறைப்பூசியும் கூடவே போடுவார்கள். முழு மயக்கம் வேறு: அது தியேட்டரில், மயக்க மருந்து வைத்திய நிபுணர் நின்று செய்வது.

இன்னொரு பக்கமும் சொல்லாவிட்டால் நாங்கள் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறவன் ஒருவன் என்றால், பயத்தை வைத்து விற்கிறவன் இன்னொருவன். "நித்திரையில் பல் சிகிச்சை" என்று விளம்பரம் போட்டு, தேவை இல்லாத பல்லையும் எடுத்து, தேவை இல்லாத மயக்கத்துக்கும் காசு வாங்குகிற வியாபாரம் உலகத்தில் இருக்கிறது. சரிந்து கிடக்கிற ஞானப்பல் எல்லாம் எடுக்க வேண்டியதில்லை. வருத்தம் ஒன்றும் தராத பல்லை முன்கூட்டியே எடுப்பதை நிறுத்துங்கள் என்று பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டலே 2000 ஆம் ஆண்டு சொல்லிவிட்டது.

ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள். இந்தப் பல்லை எடுக்கத்தான் வேண்டுமா? எக்ஸ்றேயில் கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு கிட்ட இருக்கிறது? உதடு விறைத்துப்போகும் ஆபத்து உண்டா? அரை மயக்கம் தருவதென்றால், பல்லை எடுக்கிறவரைத் தவிர என் மூச்சையும் ஒட்சிசன் அளவையும் பார்த்துக்கொண்டு நிற்கப்போவது யார்? ஏதும் பிழைத்தால் மருந்தை முறிக்கும் மருந்து கையில் இருக்கிறதா? நீங்களும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்: முட்டு, குறட்டை, கர்ப்பம், எடுக்கிற குளிசைகள், எல்லாம். பெரும்பாலும் ஆறு மணித்தியாலம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். நோன்பு பிடிக்கிற எங்களுக்கு அது பெரிய விசயமில்லை. கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு மோட்டார்சைக்கிள் ஓடக்கூடாது.

இவற்றைக் கேட்கக் காசு வேண்டும் என்றும் இல்லை. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் வாய், முகம், தாடை சத்திரசிகிச்சைக்கென்றே பிரிவு இருக்கிறது. வரிசை நீளமாக இருக்கலாம். எந்த வகை மயக்கம் எங்கே கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் வீங்க முதல் போய்ப் பெயரைப் பதியுங்கள் என்கிறோம்.

ஆசிரியர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. வகுப்பில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒரு பிள்ளை இருந்தால் "படி" என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை "மயக்கி எடுக்கேலாதோ" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். "வா, வைத்தியரிட்டக் கேப்பம்" என்று சொல்லுங்கள்.

அந்தப் பெடியன் இப்போது வகுப்புக்கு வருகிறான். தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அது எங்கள் கண்ணில் படுகிறது.