ஒரே மாதிரி முகவரி, இரண்டு வலையமைப்பு: காசு எங்கே போனது?



எங்களிடம் படித்த பெடியன் ஒருவன் போன மாதம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெளிநாட்டில் இருக்கிற மாமா, தங்கச்சியின் படிப்புக்கு 400 டொலரை யூஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயமாக அனுப்பியிருக்கிறார். பெடியன் கொடுத்தது எதேரியம் வலையமைப்பின் முகவரி. மாமாவோ கட்டணம் குறைவென்று வேறொரு வலையமைப்பால் அனுப்பிவிட்டார். இரண்டிலும் முகவரி ஒரே மாதிரித்தான் இருக்கும், அதனால் பிழை என்று எதுவும் காட்டவில்லை. காசு போய்ச் சேர்ந்தது திரையில் தெரிகிறது. ஆனால் அவன் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் அந்த வலையமைப்பை ஏற்பதில்லை. எடுக்க வழியில்லை.

"பார்த்து அனுப்பியிருக்கலாமே" என்றார்கள் சிலர். பார்த்துத்தான் அனுப்பினார். எங்களுக்கு இது மாமாவின் பிழையாகப் படவில்லை. ஒவ்வொரு பிளொக்செயினும் தன்பாட்டில் ஓடுகிறது, ஒன்றோடொன்று பேச எல்லாரும் ஏற்ற பொது நியமம் இல்லை. பாமினியில் அடித்த வினாத்தாள் அடுத்த கணினியில் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரிந்த காலத்தை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் கடைகளில் இருக்கிற லங்கா கியூஆர் அட்டையைப் பாருங்கள். 2018இல் மத்திய வங்கி அதைத் தேசிய நியமமாக்கியது. இப்போது கடைக்காரர் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேட்பதேயில்லை. 2024 பெப்ரவரியில் இந்தியாவின் யூபிஐயும் அதோடு இணைந்தது. வங்கிகள் போட்டியை விடவில்லை, அட்டையை மட்டும் பொதுவாக்கின.

பிளொக்செயின்காரர் அதற்குப் பதிலாகப் பாலம் கட்டினார்கள். அநேகமான பாலங்களின் திறப்பு ஒருசிலர் கையில். ரோனின் பாலத்துக்கு அப்போது 9 திறப்புகள் இருந்தன, 5 இருந்தால் போதுமாக இருந்தது. 2022 மார்ச்சில் அந்த ஐந்தையும் கைப்பற்றியவர்கள் 60 கோடி டொலருக்கு மேல் கொண்டுபோனார்கள். ஆறு நாளாக ஒருவருக்கும் தெரியாது! எங்கள் உண்டியல்காரராவது முகம் தெரிந்தவர்.

வேறு வழி இல்லாமலில்லை. கொஸ்மொஸ் வலையமைப்புகள் 2021 முதல் ஐபிசி என்ற திறந்த நியமத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு வலையமைப்பு மற்றதன் பதிவைத் தானே சரிபார்க்கும், நடுவில் திறப்புக்காரர் தேவையில்லை. அதன் விதிகளை யாரும் வாசிக்கலாம். ஆனாலும் பெரிய வலையமைப்புகள் பல இன்னும் தங்கள் தங்கள் வழியிலேயே நிற்கின்றன. வாடிக்கையாளரை வேலிக்குள் வைத்திருப்பது அவர்களுக்கு இலாபம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

கிரிப்டோ இலங்கையில் சட்டபூர்வ நாணயமல்ல என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. அது சரி. ஆனால் எச்சரிக்கைக்குப் பிறகும் எங்கள் பிள்ளைகளின் போனுக்கு இது வந்துகொண்டுதான் இருக்கிறது. நாளை இதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தால், திறந்த நியமத்தை ஏற்காத நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்பது எங்கள் கருத்து. அதுவரை, அனுப்புகிறவரிடமும் எடுக்கிறவரிடமும் முகவரியோடு வலையமைப்பின் பெயரையும் கேளுங்கள். முதலில் ஐந்து டொலர் அனுப்பிப் பாருங்கள்.

பெடியனின் முறைப்பாட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. தங்கச்சியின் கட்டணத்தை மாமா மறுபடி கடன்பட்டு வங்கியால் அனுப்பினார்.