ஒற்றனைவிட ஐயமே கொடிது

ஒரு போராட்டம் தோற்றதும் கல்விப்புலத்தில் இரண்டு விளக்கங்கள் உடனே எழுகின்றன. அரசு தன் ஆட்களை ஊடுருவவிட்டது என்பது ஒன்று; உள்ளிருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. பல நேரங்களில் இரண்டும் உண்மையே. ஆயினும் இவை ஆய்வின் முடிவாக அல்லாமல் ஆய்வைத் தவிர்க்கும் வழியாகவே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒற்றன்மீது பழியைப் போட்டுவிட்டால், அவன் நுழையக் கதவைத் திறந்து வைத்தது யார் என்ற கேள்வி எழுவதில்லை. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் உட்பகைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது ஆள்வோரின் கருவி. பின்னது உள்ளிருந்தே அரிக்கும் நோய். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இன்றைய இயக்கங்களின் பெரும்பிழை.

ஊடுருவல் கற்பனையன்று. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை நடத்திய ‘கோயின்டெல்புரோ’ திட்டமே அதற்குச் சான்று. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் செயற்பாட்டாளர் சிலர் புகுந்து கோப்புகளை எடுத்துச் சென்றனர். அதன் பின்னரே அத்திட்டம் உலகுக்குத் தெரியவந்தது. செனட்டின் சர்ச் குழு பின்னர் அதை விரிவாகப் பதிவு செய்தது.

அத்திட்டத்தின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று துப்பாக்கியன்று, கடிதம். ஹியூயி நியூட்டனும் எல்ட்ரிட்ஜ் கிளீவரும் 1971இல் பகைத்துப் பிரிந்ததில் எஃப்.பி.ஐ. அனுப்பிய போலிக் கடிதங்களுக்குப் பங்குண்டு. ஸ்டோக்லி கார்மைக்கேலை சி.ஐ.ஏ.வின் ஆள் என நம்பவைக்கும் யோசனை 1968ஆம் ஆண்டுக் கோப்பிலேயே உள்ளது. ஓர் ஒற்றனை உருவாக்க ஊதியமும் பயிற்சியும் ஆண்டுகளும் வேண்டும். ஒற்றன் அல்லாத ஒருவரை ஒற்றனாகக் காட்ட ஓர் அஞ்சல்தலை போதும். மீதி வேலையை இயக்கமே செய்து முடித்துவிடும்.

ஐயத்தையே பாதுகாப்பாகக் கொண்ட அமைப்புகள் ஒற்றரைக் கண்டுபிடித்தனவா என்றால், அதுவுமில்லை. 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் 21 வயது பிரெட் ஹாம்ப்டன் சிகாகோவில் காவல்துறையின் சோதனையின்போது சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் இருந்த வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்கு அளித்த வில்லியம் ஓநீல், அங்கு கட்சியின் பாதுகாப்புப் பொறுப்பாளர். ரஷ்யாவில் சமூகப் புரட்சியாளர் கட்சியின் போர்ப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய அசேப், ஜார் காவல்துறையிடம் ஊதியம் பெற்றவர். 1912இல் போல்ஷ்விக் மத்தியக் குழுவில் இடம்பெற்ற மலினோவ்ஸ்கியும் அத்தகையவரே. அவர்மீதான குற்றச்சாட்டை லெனினே ஏற்க மறுத்தார். ஒற்றர்கள் ஓரத்தில் தயங்கி நின்றவர்கள் அல்லர், மையத்தில் முழங்கியவர்கள். ஐயம் எப்போதும் தவறான ஆளையே சுட்டியது.

இதற்கு மாறான ஒரு பாடமும் இந்நாட்டிலேயே உண்டு. 2020 நவம்பரில் தில்லி எல்லைகளில் தொடங்கிய உழவர் போராட்டம், 2021 ஜனவரி 26 செங்கோட்டை நிகழ்வால் ஆட்டங்கண்டது. மறுநாளே இரு சங்கங்கள் விலகின. சதி என்று குற்றஞ்சாட்டியதோடு சம்யுக்த கிசான் மோர்ச்சா நின்றுவிடவில்லை. பிப்ரவரி 1ஆம் நாள் நடத்தவிருந்த நாடாளுமன்றப் பேரணியைத் தள்ளிவைத்து, ஜனவரி 30 அன்று உண்ணாநோன்பு அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் யோகேந்திர யாதவின் செயல் ஒன்று கடும் சினத்தைக் கிளப்பியபோது, அவரை ஒரு மாதம் இடைநீக்கம் செய்தது. அம்முடிவு சரியா என்பது வேறு வாதம். குற்றம் எதுவென்று சொல்லப்பட்டது. தண்டனைக்கு எல்லை இருந்தது. முடிவு ஊரறிய எடுக்கப்பட்டது. நவம்பர் 19 அன்று வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். வெற்றிக்குப் பின்னரோ, பஞ்சாப் தேர்தலில் போட்டியிடுவதா என்ற கேள்வியிலேயே சங்கங்கள் பிரிந்தன. போட்டியிட்டவர்கள் ஓர் இடமும் பெறவில்லை. அப்பிளவுக்கு விடை காணப்படாத அரசியல் கேள்வி ஒன்றே போதுமானதாக இருந்தது.

பல்கலைக்கழக வளாகங்களில் நிகழ்வது என்ன? அமைப்புக்குள் சாதியைப் பற்றிக் கேட்கும் தலித் மாணவருக்கும், தோழர் ஒருவர்மீது பாலியல் புகார் கூறும் மாணவிக்கும் கிடைக்கும் முதல் மறுமொழி ‘இயக்கத்தைப் பிளக்காதே’ என்பது. இரண்டாவது ‘நிர்வாகத்தின் ஆள்’ என்பது. விரிசலைச் சுட்டிக்காட்டியவர் விரிசலை உண்டாக்கியவர் ஆகிவிடுகிறார். அவர் வெளியேறிய பின் எஞ்சுவது ஒற்றுமையன்று, மௌனம். காவல்துறை செலவின்றிப் பெறும் வெற்றி அது.

அப்படியானால் ஊடுருவலைக் கண்டுகொள்ளாமல் விடலாமா எனச் சிலர் கேட்பர். விடலாகாது. ஆனால் ஆராயப்பட வேண்டியது ஆளின் அந்தரங்கமன்று, செயல். கூட்டம் எடுக்காத முடிவைத் தன் விருப்பப்படி நிறைவேற்றி வன்முறைக்கு இழுப்பவர் ஒற்றராயினும் உணர்ச்சிவயப்பட்ட தோழராயினும் விளைவு ஒன்றே, பொறுப்பும் ஒன்றே. வரவுசெலவு எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும். சான்றின்றி ஒருவரை ‘ஆள்’ என்று முத்திரை குத்துவதே ஒழுங்குமீறலாகக் கருதப்பட வேண்டும்.

ஒளிக்க ஏதுமற்ற இயக்கத்தில் ஒற்றன் திருடுவதற்கு அதிகமில்லை. தன் உறுப்பினரின் கேள்விக்கே அஞ்சும் இயக்கத்தை வீழ்த்த ஒற்றன் வரவேண்டிய தேவையே இல்லை.