19 சீட்டும் ஒரு மந்திரி பதவியும்!



போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல விழுப்புரம் பஸ்சுக்காகக் காத்திருந்தேன். பக்கத்துல ரெண்டு காலேஜ் பசங்க. "டேய், நம்ம எம்.பி. தொகுதி பேரு என்னடா?" - இது ஒருத்தன். "திண்டிவனம்தான், இதுகூடத் தெரியாதா?" - இது இன்னொருத்தன். நடுவுல புகுந்து மூக்கை நுழைக்க வேணாமேன்னு விட்டுட்டேன். இங்கே சொல்லிடறேன். லோக்சபா தொகுதி பட்டியல்ல திண்டிவனம்ங்கிற பேரு 2009 தேர்தல்லேர்ந்து கிடையாது. மறுசீரமைப்புல அது போய், விழுப்புரம் தனித்தொகுதி வந்துடுச்சு.

அந்தப் பழைய திண்டிவனத்துல 1980, 1984ன்னு ரெண்டு தடவை காங்கிரஸ் சார்பா ஜெயிச்சவர் எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சி. முதல் தடவை கூட்டணி தி.மு.க.; அடுத்த தடவை அ.தி.மு.க.! சரி, அதை விடுங்க. இவரோட சுவாரஸ்யமான காலம் அதுக்கு முப்பது வருஷம் முந்தியே ஆரம்பிச்சிருச்சு.

கடலூர்க்காரர். பிறந்தது 1918ல. நாட்டோட முதல் பொதுத்தேர்தல் வந்தப்ப வயசு 33. தென்னாற்காடு மாவட்டத்து வன்னியர்களுக்குப் பெரிய கட்சியில உரிய இடமில்லைன்னு சொல்லி, 'தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி'யைத் தொடங்கினார். வடாற்காட்டுல இதே மாதிரி மாணிக்கவேலு நாயக்கர் 'காமன்வீல் கட்சி' வெச்சிருந்தார். அப்ப தேர்தல்ல நிக்காத தி.மு.க., திராவிட நாடு கோரிக்கையை சபையில ஆதரிக்கறதா உறுதி தர்றவங்களுக்கு ஆதரவு தந்துச்சு. இந்த ரெண்டு கட்சிக்கும் அது கிடைச்சது.

ரிசல்ட்? 375 பேர் கொண்ட சென்னை சட்டசபையில காங்கிரஸ் 152 தான். உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. லோக்சபாவுக்கும் உழைப்பாளர் கட்சி ஆட்கள் 4 பேர் போனாங்க. மெஜாரிட்டிக்கு 188 வேணும். இப்ப புரியுதா, 19க்கு என்ன மவுசுன்னு?

ராஜாஜி முதல்வரானார். மாணிக்கவேலு உடனே மந்திரி ஆயிட்டார். படையாட்சி 1954 ஏப்ரல் வரைக்கும் பொறுத்தார். காமராஜர் முதல்வரானதும், தன்னையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட மந்திரிசபையில இவரையும் சேர்த்துக்கிட்டார். இலாகா, உள்ளாட்சி. 35 வயசுல மந்திரி! கட்சி? காங்கிரசுல கரைஞ்சு போச்சு.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? காங்கிரசுக்கு எதிரா ஓட்டு வாங்கிட்டு காங்கிரசுக்கே போனா துரோகம்தானேன்னு கேட்கலாம். எனக்கும் முதல்ல அப்படித்தான் பட்டுச்சு. ஆனா, எதிர்வரிசையில உட்கார்ந்து கத்தினா ஊருக்கு என்ன கிடைக்கும், உள்ளாட்சி இலாகா கையில இருந்தா என்ன கிடைக்கும்னு யோசிச்சா அவ்வளவு ஈசியா திட்ட முடியல. அதே 1952ல அதே கட்சியில ஜெயிச்ச விழுப்புரம் பக்கத்து ஏ.கோவிந்தசாமி வேற ரூட்ல போனார். அவர் போய்ச் சேர்ந்தது தி.மு.க. மந்திரியாக 1967 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அண்ணா மந்திரிசபையில வேளாண் துறை. பதவியில ரெண்டு வருஷம்தான், 1969ல காலமாயிட்டார்.

படையாட்சிக்கு 1957ல அமைஞ்ச மந்திரிசபையில இடமில்லை. மூணே வருஷம்!

இன்னொரு வேடிக்கை. கட்சித்தாவல் தடைச்சட்டம் 1985 ஜனவரியில லோக்சபாவுல நிறைவேறுச்சே, அந்த சபையில இவரும் ஒரு உறுப்பினர். அதுலயும் பாருங்க, மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கிட்டு இன்னொரு கட்சியோட இணைஞ்சா பதவி போகாதுன்னு ஒரு வழி வெச்சிருக்காங்க.

ஆனா, 1987 செப்டம்பர்தான் எனக்கு உறுத்துது. மாநிலத்துல 20 சதவீதம், மத்தியில 2 சதவீதம் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் பண்ணுச்சு. மொத்தம் 21 பேர் செத்துப் போனாங்க. தலைமை, திண்டிவனம் டாக்டர் ராமதாஸ். அந்தத் திண்டிவனத்தோட எம்.பி. யாரு? முதல் பொதுத்தேர்தல் சமயத்துலயே அந்த மக்களோட பேருல கட்சி கண்ட இதே படையாட்சி, ஆளுங்கட்சி வரிசையில! 1989ல மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20 சதவீதம் வந்துச்சு. உங்க அட்மிஷன் பாரத்துல எம்.பி.சி.ன்னு ஒரு கட்டம் இருக்கே, அது அப்ப வந்ததுதான். அதே வருஷம் பா.ம.க.வும் பிறந்துச்சு.

படையாட்சி 1992ல காலமானார். 2019ல சட்டசபையில அவர் படம் ஏறுச்சு, கடலூர்ல மணிமண்டபமும் திறந்தாங்க. கோவிந்தசாமிக்கும் அந்த 21 பேருக்கும் விழுப்புரத்துல மணிமண்டபம் வந்தது 2025 ஜனவரியில. லீவு நாள்ல ரெண்டு ஊருக்கும் ஒரே ட்ரிப்பா போயிட்டு வாங்க. படையாட்சியா, கோவிந்தசாமியா... கேன்டீன்ல சண்டை போட்டு முடிச்சிட்டு, யாரு ஜெயிச்சாங்கன்னு எழுதுங்க.

பஸ் வந்துடுச்சு. வர்றேன்!