நாய் இருக்கா? அப்போ அட்வான்ஸ் கூட ஆகும்! திருச்சி வாடகை வீடுகளில் அந்தக் கூடுதல் பணம் திரும்பி வருமா?

வீடு பிடிச்சிருக்கு. ஸ்ரீரங்கம், மாடி போர்ஷன், ரெண்டு பெட்ரூம், அம்மா மண்டபத்துக்கு நடந்தே போய்விடலாம். வாடகையும் பேசி முடிச்சாச்சு. அட்வான்ஸை ஜிபேயில் போடப் போகும் நேரத்தில் ஓனர் கேட்கிறார், "வீட்ல யார் யாரெல்லாம் இருப்பீங்க?" சொல்கிறீர்கள். கடைசியாகக் கொஞ்சம் தயங்கி, "ஒரு நாய் இருக்கு சார், சின்னதுதான்."

இதற்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான். ஒன்று, "அதெல்லாம் சரிப்பட்டு வராதுப்பா." அதோடு கதை முடிந்தது. இன்னொன்று, "சரி, அப்போ அட்வான்ஸ்ல இன்னும் ஒரு பத்தாயிரம் சேர்த்துக் கொடுத்துடுங்க." செல்லப்பிராணி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பதில் கிடைத்ததே பெரிய விஷயம். அதனால் மறு கேள்வி கேட்காமல் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரம் என்ன பணம், அட்வான்ஸா, கட்டணமா, காலி செய்யும்போது கைக்கு வருமா என்பதை அப்போது யாரும் பேசுவதில்லை. பிரச்சினை தொடங்குவது அங்கேதான்.

சட்டத்தில் 'நாய்க் கட்டணம்' இருக்கா?

இல்லை. தமிழ்நாட்டில் வாடகைக்கான இப்போதைய சட்டம் 2017-ல் நிறைவேற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. செல்லப்பிராணிக்கென்று தனி வைப்புத்தொகையோ கட்டணமோ இதில் கிடையாது. சட்டத்துக்குத் தெரிந்தது 'பிணை வைப்புத்தொகை' மட்டும்தான். நாம் அட்வான்ஸ் என்று சொல்வது.

அதற்கு 11-வது பிரிவு ஒரு வரம்பு வைக்கிறது. மாத வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். 12,000 ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் 36,000 ரூபாய். "நடக்கிற கதையா இது?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆறு மாதம், பத்து மாதம் அட்வான்ஸ் கேட்கும் ஊரில்தான் நாம் இருக்கிறோம்.

அது எப்படி சாத்தியமாகிறது? அதே 11-வது பிரிவின் தொடக்கத்தில் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது: 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி'. அதாவது இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு அதிகத் தொகைக்கு ஒப்புக்கொண்டால், மூன்று மாத வரம்பு வழிவிட்டுவிடும். வரம்பு வைத்த கையோடு கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே நாய்க்காகக் கூடுதலாகக் கேட்பதே குற்றம் என்று ஓனரிடம் சண்டைக்குப் போக முடியாது. ஒப்பந்தத்தில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி.

பெயரில் என்ன இருக்கு? பத்தாயிரம் இருக்கு

'பிணை வைப்புத்தொகை' என்ற தலைப்பின் கீழ் அந்தப் பணம் வந்தால், அது உங்கள் பணம். ஓனர் அதைக் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நாய் கதவைக் கீறியிருந்தால் அந்தச் செலவைக் கழிக்கலாம். எதுவும் ஆகவில்லை என்றால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் 'செல்லப்பிராணிக்கான ஒருமுறைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், அது நீங்கள் ஒரு அனுமதிக்குக் கொடுத்த விலை. நாய் ஒரு கீறல்கூடப் போடாவிட்டாலும் கேட்டு வாங்குவது கஷ்டம். இன்னும் மோசம், எதுவுமே எழுதாமல் ஜிபேயில் அனுப்புவது. அப்போது அது அட்வான்ஸா கட்டணமா என்பது அவரவர் ஞாபகத்தைப் பொறுத்தது. இரண்டு வருஷம் கழித்து இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம் இருக்குமா என்ன?

மூன்றாவதாக ஒரு வடிவமும் உண்டு. வாடகையிலேயே மாதம் ஐந்நூறு, ஆயிரம் ஏற்றிவிடுவது. கேட்க லேசாக இருக்கும். மாதம் ஆயிரம் என்றால் இரண்டு வருஷத்தில் 24,000 ரூபாய், ஒரு பைசா திரும்பாது. கையில் காசு இருந்தால், திரும்பி வரும் பத்தாயிரம் அட்வான்ஸ் இதைவிட எவ்வளவோ மேல்.

இங்கிலாந்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2019 ஜூன் 1 முதல் அங்கே வாடகை அட்வான்ஸுக்கு வரம்பு வந்தது. பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சம். நாய்க்கென்று தனி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்த ஓனர்கள் என்ன செய்தார்கள்? அதை 'பெட் ரென்ட்' என்று மாத வாடகையில் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

சுவரில் கீறல், கொசுவலையில் ஓட்டை: யார் கணக்கு?

அட்வான்ஸிலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. பலர் படிக்காத இரண்டாம் அட்டவணை அது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, வயரிங் இதெல்லாம் வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, பூச்சி வலை இதெல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. வேறுவிதமாகப் பேசிக்கொண்டால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். சாதாரணமாகப் புழங்குவதால் வரும் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை.

பூனை வளர்ப்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிக்கவும். பூனை முதலில் கை வைப்பது கொசுவலையில்தான். அது உங்கள் கணக்கு, அதில் வாதாட ஒன்றும் இல்லை. ஆனால் "நாய் இருந்த வீடு, முழுசா பெயின்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தால், சுவரில் நாய் செய்த சேதம் எது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாடகைக்கு யார் குடியிருந்தாலும் அடிக்க வேண்டிய பெயின்ட்டுக்கு நாயின் பெயரில் பில் போடுவது நியாயம் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் பிரச்சினையே வேற

கே.கே. நகர், தில்லைநகர் பக்கம் அபார்ட்மென்ட்களில் ஓனர் யோசிப்பது பெரும்பாலும் சேதம், அசோசியேஷன், லிஃப்ட். ஸ்ரீரங்கத்தில், அதுவும் கோயில் மதிலுக்குள்ளே இருக்கும் உத்திர வீதி, சித்திரை வீதி வீடுகளில் கணக்கே வேறு. பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நீள வீடுகள். பல இடங்களில் கீழே ஓனர், மாடியில் வாடகைக்காரர், நடுவில் ஒரே படிக்கட்டு. 'சைவம் மட்டும்' என்று டூ-லெட் போர்டிலேயே எழுதும் வீடுகள். நாய்க்கு முட்டை போடுவீர்களா, பூஜை அறைப் பக்கம் போகுமா, காலையில் கோலம் போட்ட வாசலில் அசிங்கம் பண்ணுமா, இதுதான் அவர்கள் கவலை.

இதை வெறும் வீம்பு என்று தள்ளிவிடுவது சுலபம். எழுபது வயதில் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஒருவர், மாடியிலிருந்து இறங்கும் லாப்ரடாரைப் பார்த்துப் பயப்படுவது இயல்புதான். கவனிக்க வேண்டியது ஒன்று: அட்வான்ஸ் என்பது சேதத்தைப் பற்றிய பயத்துக்கு மட்டுமே மருந்து. ஆசாரமோ, குரைப்போ, கடி பயமோ ஓனரின் மனதில் இருந்தால், கூடுதலாக இருபதாயிரம் கொடுத்தாலும் ஆறாவது மாதம் அதே பேச்சு வரும். அப்போது பணமும் சிக்கலில், வீடும் சிக்கலில். அதனால் "எவ்வளவு கூட வேணும்?" என்று கேட்கும் முன் "எதுக்காக யோசிக்கிறீங்க?" என்று கேட்பது நல்லது. தடுப்பூசி அட்டையைக் காட்டினால் தீரும் பயத்துக்குப் பணம் எதற்கு?

ஸ்ரீரங்கத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கை. மத நிறுவனங்கள், அறநிலையங்களுக்குச் சொந்தமான கட்டடங்களில் அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடுபவற்றுக்கு 2017 சட்டம் பொருந்தாது. நீங்கள் போகும் வீடு தனியாருடையதா, அறக்கட்டளைக்குச் சொந்தமானதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அசோசியேஷன் தடுக்க முடியாது, ஓனர் தடுக்கலாம்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்குக் குழப்பம். "நாய் வளர்க்கத் தடை போடக் கூடாதுன்னு ரூல் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்படி, குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை ஓட்டுப் போட்டால்கூட செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது. குரைக்கிறது என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. லிஃப்ட்டைத் தடுக்கவும் கூடாது, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவும் கூடாது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் சங்க விதிகளில் இப்படித் தடை எழுதுவது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. (வாரியத்தின் முதல் தலைவர் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் அது இயங்கியது.)

ஆனால் இதெல்லாம் சங்கங்களைப் பற்றியது. தன் வீட்டை யாருக்கு, என்ன நிபந்தனையில் வாடகைக்கு விடுவது என்பது ஓனரின் முடிவு. 'செல்லப்பிராணி கூடாது' என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதுவதைத் தடுக்கும் சட்டம் இங்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நம் ஆட்கள் நிறையப் பேர் வசிக்கும் ஸ்கார்பரோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இது அப்படியே தலைகீழ். அங்கே வாடகை ஒப்பந்தத்தில் 'செல்லப்பிராணி கூடாது' என்று எழுதினால் அந்த வரி செல்லாது. சேதத்துக்கென்று அட்வான்ஸும் வாங்க முடியாது. ஆனால் அடுக்குமாடி நிர்வாகத்தின் விதி தடை சொன்னால் அது செல்லும். அதே கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, நாய்க்கான அட்வான்ஸை அனுமதித்து அரை மாத வாடகை என்று உச்சமும் வைத்திருக்கிறது. எத்தனை நாய் இருந்தாலும் ஒரே அட்வான்ஸ்தான்.

சொல்லாமல் வைத்துக்கொண்டால்?

பலர் செய்வது இதுதான். குடிவந்த பிறகு ஒரு நாள் ராத்திரி நாயைக் கூட்டிவருவது. ஒப்பந்தத்தில் தடை இருந்தால், இது நேரடி மீறல். தொல்லை, சேதம் என்று ஓனர் நோட்டீஸ் கொடுத்து, அதன் பிறகும் தொடர்ந்தால், 21-வது பிரிவின் கீழ் வீட்டைக் காலி செய்யக் கேட்க அவருக்குக் காரணம் கிடைத்துவிடும். எழுத்தில் ஒப்பந்தமே போடாமல் இருப்பதையும் அதே பிரிவு காலி செய்வதற்கான காரணமாக ஏற்கிறது. "அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கு, நம்ம ஆளுதான்" என்று விட்டுவிடாதீர்கள்.

அதற்காகக் கோபத்தில் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை. 20-வது பிரிவு அதைத் தடுக்கிறது. வாடகை ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர்.

வீடு மாறும் அவசரத்தில் நாயை எங்காவது விட்டுவிட்டு வருவது இன்னொரு பக்கம். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தட்டச்சுப் பிழை இல்லை. கூடுதலாகக் கேட்கும் பத்தாயிரத்துக்கு அஞ்சி நாயைத் தெருவில் விடுபவரைத் தடுக்க சட்டத்தின் கையில் இருப்பது ஒரு டீ, வடை விலை.

ஒப்பந்தத்தில் என்ன எழுதணும்?

நீளமாக வேண்டாம். கீழே உள்ளது போல நாலு வரி போதும். தொகையை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"வாடகைதாரர் ஒரு நாய் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார். மொத்தப் பிணை வைப்புத்தொகை 46,000 ரூபாய். இதில் 10,000 ரூபாய் செல்லப்பிராணியால் ஏற்படும் சேதத்துக்காக. காலி செய்யும் நாளில் இருவரும் வீட்டைப் பார்த்து, சேதம் இருந்தால் பழுதுபார்த்த ரசீதின்படி மட்டும் கழித்து, மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்."

இதில் 'ரசீதின்படி' என்ற சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள். நாய் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே கதவுகளின் கீழ்ப்பகுதி, ஜன்னல் வலை, சோபா இருந்தால் சோபா, எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பணம் அனுப்பும்போது ஜிபே குறிப்பில் 'அட்வான்ஸ்' என்று எழுதுங்கள். '11 மாத அக்ரிமென்ட் தானே' என்று நினைத்தாலும், கையெழுத்தான 90 நாட்களுக்குள் tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓனர் "திருப்பித் தர மாட்டேன்" என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னால், அதுவும் நல்லதுதான். அப்போது அதை அட்வான்ஸ் கணக்கில் சேர்க்காமல் வீட்டின் விலையில் சேர்த்துப் பார்த்து, இந்த வீடு அந்தக் காசுக்கு வேணுமா என்று முடிவு பண்ணிக்கொள்ளலாம்.