நனையாத டிக்கெட்

சர்க்கார் உத்தியோகஸ்தன் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரு பொறாமை. ஊருக்குப் போனால் படி, நோய் வந்தால் வைத்தியச் செலவு! அந்தப் பணம் எப்படி வந்து சேருகிறது என்பது அவன் வீட்டாருக்குத்தான் தெரியும்.

என் தகப்பனார் ஒரு சர்க்கார் குமாஸ்தா. ஒரு வருஷம் வெள்ளச் சேதம் கணக்கெடுக்க நான்கு நாள் கிராமம் கிராமமாக அலைந்தார். கைக்காசைப் போட்டுத்தான் பஸ் ஏறினார். பிரயாணப்படி பில் திரும்பி வந்தது. டிக்கெட்டில் எண் தெரியவில்லையாம்! வெள்ளத்தைப் பார்க்க அனுப்பியவர்களுக்கு, மழையில் டிக்கெட் நனையும் என்று தோன்றவில்லை. தொகை அற்பம். ஆனால், "நான் பொய்க் கணக்கா எழுதினேன்?" என்று இரவெல்லாம் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் பில்லே போடவில்லை.

கோர்ட்டுக்குப் போன ஒருவரின் கதையும் உண்டு. மத்திய சர்க்காரில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவசரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இருதயத்துக்குக் கருவி பொருத்தினார்கள். அந்த ஆஸ்பத்திரி சர்க்காரின் பட்டியலில் இல்லை என்பதும் ஒரு காரணமாக, கேட்டதில் ஒரு பகுதி மறுக்கப்பட்டது. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: சிகிச்சை உண்மையில் நடந்ததா என்பதே கேள்வி, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதல்ல. பாக்கி ரூ. 4,99,555 கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த முடிவு அந்த வழக்குக்கு மட்டுமே என்றும் சொல்லிவிட்டார்கள். பெரிய அதிகாரிக்கே மூன்று வருஷம் என்றால், பியூனுக்கு?

"பொய்ப் பில் போடுகிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, ஐயா, உண்டு! ஆனால் பொய்ப் பில்லில் ஒரு குறையும் இராது. அதில் டிக்கெட் நனையாது, ரசீது தொலையாது, ஆஸ்பத்திரி பட்டியலை விட்டு விலகாது. மெய்யாகச் செலவழித்தவனின் பில்லில்தான் மழையும் அவசரமும் கறை போடும். காகிதத்தை மட்டும் பார்க்கும் சட்டம் திருடனை வழியனுப்பிவிட்டு யோக்கியனைப் பிடிக்கிறது.

சந்தேகமிருந்தால் ஆளை அழைத்து விசாரிக்கட்டும். ஒரு வார்த்தை கேளாமல் பில்லைத் திருப்புவது, கடன் கொடுத்தவனுக்கே திருட்டுப் பட்டம் சூட்டுவதாகும். ஆம், கைக்காசைப் போட்டுச் சர்க்கார் வேலை பார்ப்பவன் சர்க்காருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன்தான். என் தகப்பனார் கொடுத்த கடன் இன்றுவரை திரும்பவில்லை.